அயலகப் பயறு ஒன்று மலைநாட்டு விதையான கதை

ராஜ்மா என்னும் பெயர் பழையது. அப்பெயரால் இன்று நாம் உண்ணும் பயறு புதியது. சரக சம்ஹிதையின் தானியப் பட்டியலில் 'ராஜமாஷம்' இடம்பெறுகிறது. மாஷம் என்பது உளுந்து. அதனினும் பெரிய, சிறப்புடைய உளுந்து என்ற பொருளில் ராஜமாஷம் என்றார்கள். மருத்துவ நூல்களின் உரைமரபு அதனைக் காராமணி என்றே அடையாளம் காண்கிறது. நம் தட்டைப்பயறுதான் அது. சிறுநீரக வடிவில் சிவந்தும் வெளுத்தும் புள்ளியிட்டும் காணப்படும் இன்றைய ராஜ்மா அந்நூல்கள் எழுந்த காலத்தில் இந்தியாவில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்தின் செடி. கடல் கடந்து வந்த பயறுக்கு வீட்டில் ஏற்கெனவே இருந்த பயறின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். பெயரை மட்டும் பார்த்து "வேத காலத்திலிருந்தே ராஜ்மா" என்று எழுதும் பதிவுகள் அவ்வப்போது கண்ணில் படுவதால் இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனினும் இப்பதிவின் நோக்கம் பெயராராய்ச்சி அன்று. அயல்நாட்டுப் பயறு ஒன்று கார்வால், குமாவுன் மலைச்சரிவுகளில் எண்ணற்ற நிறங்களாகவும் வகைகளாகவும் பெருகி, "எங்கள் மலைப் பயறு" என்று உரிமை கொண்டாடப்படும் நிலையை எவ்வாறு அடைந்தது என்பதே என் கேள்வி. வேளாண் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக வயலைப் பார்ப்பார்கள். நில உரிமை, நீர்ப்பாசனம், வரி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் வயலில் இல்லை. அறுவடைக்குப் பிந்தைய முற்றத்திலும், வீட்டின் ஓரத்தில் இருக்கும் மரக்குதிரிலும் இருக்கிறது.

முதலில் வருகையின் கதை. இப்பயறு இரண்டு இடங்களில் தனித்தனியே பயிராக்கப்பட்டது: ஒன்று மெக்சிகோவை ஒட்டிய நடு அமெரிக்கா, மற்றொன்று தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். இவ்விரு குலங்களையும் விதைப் புரதத்தைக் கொண்டும் மரபணுவைக் கொண்டும் இன்று பிரித்தறிய முடியும். மேற்கு இமயமலைப் பகுதியில் திரட்டிய மாதிரிகளில் இரண்டு குலங்களும் காணப்படுகின்றன. இதன் பொருள் எளியது: இப்பயறு ஒருவர் கையால் ஒரே முறை வந்ததன்று, பல முறை, பல வழிகளில் வந்தது. ஹர்சில் பள்ளத்தாக்கில் ஆப்பிளையும் ராஜ்மாவையும் 'பஹாடி வில்சன்' என்று அழைக்கப்பட்ட பிரெடரிக் வில்சன் என்னும் ஆங்கிலேயர்தாம் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கட்டுரைகள் சுவையாக எழுதுகின்றன. டெஹ்ரி அரசரிடம் காட்டுக் குத்தகை எடுத்து, தேவதாரு மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். ஹர்சிலுக்கு ஒரு கைப்பிடி விதை அவர் வழியாக வந்திருக்கக்கூடும். ஆனால் மலை முழுவதும் பரவியிருக்கும் இரு குலங்களின் நூற்றுக்கணக்கான வகைகளுக்கு ஒரு மரவணிகரைத் தந்தையாக்குவது வரலாறு ஆகாது. என் ஊகத்தைக் கேட்டால், உப்பு வணிகத்தின் பக்கம் கைகாட்டுவேன். முன்சியாரியின் ஜோஹார் பள்ளத்தாக்கு மக்களும், ஹர்சிலுக்கு அப்பால் நேலங் பகுதி மக்களும் 1962 வரை ஆடு, செம்மறிகளின் முதுகில் தானியம் ஏற்றித் திபெத்துக்குச் சென்று உப்பும் கம்பளியும் கொண்டுவந்தவர்கள். கீழ்ப்பள்ளத்தாக்கு ஊர்கள் ஒவ்வொன்றிலும் தங்கித் தங்கிப் பண்டம் மாற்றிய கூட்டம் அது. உலர்ந்த பயறு அத்தகைய பயணத்துக்கு ஏற்ற சரக்கு. உண்ணவும் உதவும், இறங்கிய இடத்தில் விதைக்கவும் உதவும்.

வந்த விதை எவ்வாறு பலவாயிற்று? இங்கேதான் முற்றத்துக்கு வர வேண்டும். ராஜ்மா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. ஆகவே சிவப்பு விதை சிவப்பையே தரும். புள்ளி விதை புள்ளியையே தரும். மிக அரிதாக ஒரு தேனீயோ வண்டோ அயல்செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்து கலப்பை உண்டாக்கிவிடும். கலப்பு நிகழ்ந்த ஆண்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. ஏனெனில் விதையின் மேல்தோல் தாய்ச்செடியின் திசு. அதன் நிறம் தாயின் நிறமாகவே இருக்கும். அவ்விதை மறு ஆண்டு விதைக்கப்பட்டு, அதில் காய்த்த நெற்றுகளை உடைக்கும்போதுதான் இதுவரை காணாத நிறம் வெளிப்படும். கருநீலக் கோடிட்ட ஒரு பிடி விதை மற்றவற்றின் நடுவே கிடக்கும். அதனை வியந்து பார்த்துத் தனியே ஒரு துணியில் முடிந்து வைப்பவர் உண்டானால், அது ஒரு வகையாகத் தொடங்குகிறது. முடிந்து வைக்காமல் உலையில் இட்டால் அன்றோடு முடிந்தது. தாவர இனப்பெருக்கம் என்று பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் கலையின் இன்றியமையாத பணி, முறத்தை மடியில் வைத்துப் பயறு பொறுக்கும் வேளையில் நடந்திருக்கிறது. மலையில் அந்த முறத்தைப் பெரும்பாலும் பெண்களே பிடித்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. பயறின் நிறத்தில் இருக்கிறது.

அறுவடையும் அதற்கேற்பவே அமைந்தது. கார்வாலின் மானாவாரி நிலங்களில் 'பாராநாஜா' என்றொரு சாகுபடி முறை உண்டு. பன்னிரண்டு தானியம் என்பது அதன் பொருள். கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, ராஜ்மா, உளுந்து, கொள்ளு, காராமணி, கறுப்புச் சோயாவாகிய பட்டு, எள் முதலியவற்றை ஒரே நிலத்தில் கலந்து விதைப்பார்கள். எண்ணிக்கை எப்போதும் பன்னிரண்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். தண்டுக்கீரை உயர்ந்து நிற்கும். கொடிவகை ராஜ்மா அதன்மேல் படரும். பயறுகள் மண்ணுக்குத் தழைச்சத்துத் தரும். மழை தவறிய ஆண்டில் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

இத்தகைய நிலத்தில் ஒரே நாளில் அரிவாளை வைத்து அறுத்து முடிக்க இயலாது. கொடிவகை ராஜ்மா ஒரே சமயத்தில் முற்றாது. கீழ்க்காய் நெற்றாகும்போது மேலே பூ இருக்கும். எனவே நெற்றானவற்றை மட்டும் கையால் பறித்து, சில நாள் விட்டு மீண்டும் சென்று பறிக்க வேண்டும். பச்சை மாறி மஞ்சளாகி, தோல் தாள்போல் ஆகி, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் விதை சுருங்கும். தாமதித்தால் இரண்டு தீங்குகள் உண்டு: பிற்பகல் வெயிலில் நெற்று வெடித்து விதை மண்ணில் சிதறும், பின்மழை பெய்தால் நெற்றுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும், முளையும் விடும். பனி ஈரம் முற்றும் நீங்காத காலையில் பறித்தால் நெற்று வெடிக்காது. பயறு விளையும் நாடுகளிலெல்லாம் உழவர்கள் இந்தக் காலைப் பொழுதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

பறித்தவற்றைக் கற்பலகை வேய்ந்த கூரையிலும் முற்றத்திலும் பரப்பிக் காயவைத்து, கோலால் அடித்து, புடைத்து, பொறுக்கி, மீண்டும் காயவைப்பார்கள். எவ்வளவு காய வேண்டும்? கருவி வேண்டியதில்லை. பல்லிடையே வைத்துக் கடித்தால் பல் பதியக் கூடாது. சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் சில்லாக உடைய வேண்டும். பத்து, பன்னிரண்டு சதவீத ஈரப்பதம் என்று ஆய்வகம் சொல்லும் நிலை அதுவே. கடும் வெயிலில் விரைந்து காய்ந்தாலும் தீங்குதான். தோல் வெடித்த விதை அடுத்த ஆண்டு முளைப்பதில் பின்தங்கும். விதை இயலில் ஹாரிங்டன் வகுத்த ஒரு தோராய விதி உண்டு: ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இருமடங்காகும், வெப்பநிலை சுமார் 5 பாகை குறைந்தாலும் இருமடங்காகும். குளிரை மலை தானே தந்தது. உலர்வை மட்டும் மனிதர்கள் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு சேமிப்பு. உணவுக்கான தானியம் 'கோதார்' என்னும் மரக்குதிரில் சேரும். நம்மூர் மண்குதிரின் மலையுறவு என்று கொள்ளலாம். ஆனால் பலகைகளால் அறைபோலக் கட்டப்பட்டது. மேற்குக் கார்வாலிலும் ஜவுன்சார் பகுதியிலும் இது வீட்டுக்கு முன்னே தனிக் கட்டடமாகவே நிற்கும். விதைக்கானவை அதில் சேர்வதில்லை. அவை சுரைக்குடுக்கையிலும், சாணம் மெழுகிய கூடையிலும், சிறு மரப்பெட்டியிலும் சாம்பலோடு கலந்து வைக்கப்படும். இடையிடையே அக்ரூட் இலை இடுவார்கள். உணவும் விதையும் ஒரே பொருளாக இருப்பினும், அவற்றை இருவேறு கலங்களில் இட்ட அந்தப் பிரிப்பே இவ்வரலாற்றின் அச்சாணி. பசி மிகுந்த ஆண்டில் உணவுக் குதிர் காலியாகும். குடுக்கையைத் தொட மாட்டார்கள். தொட நேர்ந்த வீடுகளும் இருந்திருக்கும். அவை மறு ஆண்டு உறவினர் வீட்டில் விதை கேட்டிருக்கும். விதை கொடுக்கல் வாங்கலே வகைகளை ஊர்விட்டு ஊர் பரப்பிற்று.

இந்தப் பிரிப்பின் பழமையை நூல்வழியும் காணலாம். அர்த்தசாஸ்திரம் பண்டகசாலைத் தலைவனுக்கு விதிக்கும் கடமைகளுள் ஒன்று: சேர்ந்த பொருளில் பாதியை நாட்டு மக்களின் இடர்க்காலத்துக்கென ஒதுக்கி, மறுபாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; பழையதை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். உழவுத் தலைவனைப் பற்றிய அதிகாரத்தில் விதையைப் பதப்படுத்தும் முறையும் வருகிறது: தானிய விதைகளை ஏழு இரவுகள் பனியிலும் பகலில் வெயிலிலும் இட வேண்டும்; நெற்றில் விளையும் பயறு விதைகளுக்கு மூன்று இரவுகள் போதும். பயறின் மென்தோல் நெடுநாள் நனைந்து உலர்வதைத் தாங்காது என்பதை அறிந்த ஒருவரின் குறிப்பு இது என்றே நான் வாசிக்கிறேன். (அந்நூலின் சுவடியை மைசூர் நூலகத்தில் ஒப்படைத்தவர் தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒரு பண்டிதர்; அதனை 1905இல் சாமா சாஸ்திரி கண்டறிந்து, 1909இல் பதிப்பித்தார். சுவடியும் ஒருவகையில் குடுக்கை விதைதானே!) கிருஷி பராசரம் என்னும் வேளாண் நூலோ, விதையைச் சேகரித்து வெயிலில் உலர்த்திப் பொதியாகக் கட்டுமாறு கூறிவிட்டு, கலப்பு விதை பெருந்தீங்கு, ஒரே தன்மையுள்ள விதையே நற்பலன் தரும் என்று வற்புறுத்துகிறது. சமவெளி நெல்வயலை மனத்தில் கொண்ட அறிவுரை அது. மலையின் பாராநாஜா அந்த அறிவுரைக்கு நேர் எதிராக நின்றது. நூல் கண்ட வேளாண்மையும் நூல் காணாத வேளாண்மையும் ஒரே நாட்டில் அருகருகே இருந்திருக்கின்றன.

பயறுச் சேமிப்பின் பெரும்பகை வண்டு. நெல்லுக்கும் கோதுமைக்கும் பூச்சி பெரும்பாலும் களஞ்சியத்தில் வரும்; பயறுக்கோ அது வயலிலிருந்தே உடன் வந்துவிடும். முற்றும் காயின்மேல் பெண்வண்டு முட்டையை ஒட்டிவைக்கும். புழு துளைத்து விதைக்குள் நுழைந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமான துளையிட்டு வண்டாக வெளிவரும். வெதுவெதுப்பான நாள்களில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை. வெளிவந்த வண்டுக்கு உணவே வேண்டாம். மீண்டும் முட்டையிட விதைப்பரப்பு இருந்தால் போதும். காராமணி, பாசிப்பயறு, உளுந்து எல்லாம் இவ்வாறே உளுத்துப்போகின்றன. சாம்பல் இங்கே இரட்டைப் பணி செய்கிறது: விதைகளுக்கு இடையிலுள்ள வெளியை அடைத்து வண்டு நடமாடவும் முட்டையிடவும் இடமில்லாமல் செய்கிறது, அதன் மேலுறையின் மெழுகைச் சிராய்த்து உடல் நீரை வற்றச் செய்கிறது. நம் பாட்டிமார் துவரைக்குச் செம்மண் கட்டியதும் இதே இயற்பியலைச் சார்ந்ததுதான்.

ஆனால் ராஜ்மாவின் நிலை வேறு. இந்நாட்டுப் பயறு வண்டின் புழுக்கள் ராஜ்மா விதைக்குள் வளர்வதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைத் தடுக்கும் புரதம் ஒன்று அவ்விதையில் உள்ளது. நுழைந்த புழு உணவின் நடுவே பட்டினி கிடந்து இறக்கிறது. ராஜ்மாவை உண்ணப் பழகிய வண்டுகள் அதன் தாயகத்தில் உண்டு; அவற்றுக்கு இப்புரதம் தடையன்று. புதிய நாட்டுக்கு வந்த செடி பழைய பகைவரைப் பின்னே விட்டு, இங்குள்ள பகைவருக்கு எதிரான கவசத்தோடு வந்து சேர்ந்தது. அரசாணையோ பரப்புரையோ இன்றி மலைவீடுகளின் கலங்களில் இது இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அருகே இருந்த காராமணி உளுத்துப்போன ஆண்டிலும் ராஜ்மா முழுமையாக இருந்திருக்கும். எந்தக் குடும்பமும் அதைக் கவனியாமல் இருந்திராது.

1980களில் இம்முறைக்கு ஒரு சோதனை வந்தது. வேளாண் துறை மலைப்பகுதியில் சோயாவைப் பரப்ப முயன்று, இலவச விதைப் பொட்டலங்களை வழங்கியது. பாராநாஜாவின் இடத்தில் சோயாவைத் தனிப்பயிராக இட வேண்டும் என்பது திட்டம். இதற்கு எதிராக டெஹ்ரி கார்வாலின் ஹேன்வல் பள்ளத்தாக்கில், சிப்கோ இயக்கத்தில் பங்கேற்றிருந்த விஜய் ஜர்தாரி முதலியோர் 'பீஜ் பச்சாவோ ஆந்தோலன்' என்னும் விதைப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கினர். சோயாவை ஆலையில்தான் எண்ணெயாக்க முடியும், வீட்டில் சமைத்துண்ண இயலாது, மாட்டுக்கும் போதிய தீவனம் கிடைக்காது என்பன அவர்கள் முன்வைத்த வாதங்கள். இதனை அயற்பயிர் எதிர்ப்பு என்று சுருக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அது பிழையான பார்வை. சோயாவின் கறுப்பு வகையாகிய பட்டு மலைச் சமையலில் வேரூன்றிய பயறு. அவர்கள் காத்த ராஜ்மாவோ அமெரிக்காவிலிருந்து வந்தது! வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. பெரிய மஞ்சள் சோயா விதை எண்ணெய் மிகுந்தது, தோல் மெல்லியது. சாதாரணச் சேமிப்பில் மிக விரைவாக முளைப்புத்திறனை இழப்பது. சிறிய, கறுப்புத்தோல் வகைகள் அதனினும் நெடுநாள் நிற்கும். அதாவது, குடுக்கையில் நிற்கும் விதைக்கும் ஆண்டுதோறும் வெளியிலிருந்து வர வேண்டிய விதைக்கும் இடையிலான தேர்வு அது. இவ்வியக்கத்தினர் ஊர் ஊராக நடந்து, முதியவர்களிடமிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட ராஜ்மா வகைகளைத் திரட்டியதாகக் கூறுகின்றனர். எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் அன்று இல்லாத விதைகள் அவை.

அரசு நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்துக்கு நைனிதால் மாவட்டம் பவாலியிலேயே ஒரு வட்டார நிலையம் உண்டு. இந்திய விதை வங்கியில் இருந்த 4,274 ராஜ்மா மாதிரிகளின் இயல்புகளை விவரிக்கும் ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. தில்லியில் உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் அவை பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். முன்சியாரி ராஜ்மா புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. 2023இல் மலைக் கொள்ளும் கறுப்பு பட்டும் பெற்றன. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் குறியீடு பெற்ற பயறைச் சந்தை ஒரே அளவில், ஒரே நிறத்தில் கேட்கிறது. முறத்தில் விழும் புதுநிறம் அங்கே 'கலப்படம்' ஆகிறது. உறைபெட்டியில் உள்ள விதையோ விதைக்கப்படாத வரை கலப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை; எடுத்த நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது. புது வகையைப் பிறப்பிக்கும் திறன் இவ்விரண்டுக்கும் இல்லை. ஆண்டுதோறும் விதைத்து, பறித்து, பொறுக்கும் வீட்டுக்கு மட்டுமே அது உண்டு.

அவ்வீடுகளே இப்போது குறைந்து வருகின்றன. உத்தராகண்டின் ஊரக வளர்ச்சி, இடப்பெயர்வு ஆணையம் 2018இல் அளித்த அறிக்கை, 2011க்குப் பின் 734 ஊர்கள் ஆளற்றுப்போனதாகக் கூறுகிறது. பூட்டிய வீடுகளில் கோதார்கள் அப்படியே இருக்கின்றன. தேவதாருப் பலகை எளிதில் மக்காது. ஆனால் சாதாரண அறைச் சூழலில் ராஜ்மா விதையின் முளைப்பு மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் விரைந்து சரியும். பழைய பயறின் உள்ளமைப்பு இறுகிவிடுவதால், இரவு முழுவதும் ஊறவைத்தாலும் சரியாக வேகாது. பத்தாண்டு கழித்து ஊர்திரும்பும் ஒருவர் அந்தக் குடுக்கையைத் திறந்தால், சாம்பலுக்கு நடுவே பயறு நிறம் மங்கிக் கிடக்கும். அதை மண்ணில் இட்டாலும் பயனில்லை, உலையில் இட்டாலும் பயனில்லை.